வெள்ளைக் குழம்பும் புவனாவின் மசக்கையும்

தராசின் முள் அசையவில்லை.

ஹல்துமுல்லை கிளினிக்கில் சுவரோரமாக நிற்கும் அந்தப் பழைய தராசின் மேல் என் தங்கை புவனா ஏறி நின்றாள். செருப்பைக் கழற்றாதே என்று நான்தான் கண்ணைக் காட்டினேன். செருப்பின் கனமாவது சேரட்டுமே என்று ஒரு நப்பாசை. மிட்வைப் மிஸ் குனிந்து முள்ளைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"செருப்ப கழட்டிட்டு ஏறச் சொல்லுங்க" என்றார்.

கழற்றிவிட்டு ஏறினாள். முள் போன மாதம் நின்ற இடத்துக்கே போய் நின்றது. அதற்கும் ஒரு மயிரிழை கீழே என்றுகூட எனக்குத் தோன்றியது.

"அஞ்சு மாசம் ஆச்சு. புள்ள வளருது, தாய் வளரல்லியே. என்னாதான் சாப்பிடுறீங்க?"

புவனா தரையைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அடுத்த கிளினிக்குக்குள்ள எடை ஏறல்லன்னா பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். வார்டுல படுக்க வச்சு சேலைன் ஏத்தத்தான் வேணும்."

பதுளை என்ற சொல்லைக் கேட்டதும் புவனா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பு ஒரு கரு தங்காமல் போனது. அப்போதும் பதுளையில்தான் படுத்திருந்தாள். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் வெறுங்கையோடு திரும்பி வந்த வாசலில் மறுபடி காலை வைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

சமையற்காரன் வீட்டுப் பட்டினி

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அப்புத்தளையில், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகும் ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் சமையற்காரன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னை 'கோக்கி' என்பார்கள். துரை பங்களாக்களில் சமைத்தவர்களுக்கு இருந்த பட்டப்பெயர் அது. பங்களாவே பார்க்காத எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பல தேசத்து ஆட்களுக்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப் போடுகிறவன். சொந்தத் தங்கச்சி என் வீட்டில் பட்டினி. இதைவிடக் கேவலம் ஒரு கோக்கிக்கு உண்டா?

அம்மா இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று புவனாவுக்கு இருந்தது என் வீடுதான். மச்சான் கொழும்பில் கடையில் நிற்கிறார். மாதக் கடைசியில் ஒரு பை பழத்தோடு வந்து, மனைவியின் கன்னத்து எலும்பைப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போவார். அந்தப் பேசாமைதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

என் மனைவி மல்லிகா கொழுந்து பறிக்கப் போகிறவள். மலையிலிருந்து இறங்கி வந்த கையோடு இடியாப்பம், ரசம், கஞ்சி, பருப்பு என்று ஏதாவது செய்து பார்ப்பாள். சட்டியைத் திறந்ததும் புவனா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாள். தாளிக்கும் வாசம் ஆகாது. கருவாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பஸ்ஸில் கேட்ட கேள்வி

அன்று கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"புள்ள, உண்மையச் சொல்லு. எதையாவது நெனச்சா வாயில எச்சி ஊறுதா?"

ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"சிரிக்கக் கூடாது அண்ணே."

"சிரிக்கல்ல."

"குவைத்துல இருந்தப்ப அந்த வீட்டுல சலாது செய்வோம். அதுல ஒரு வெள்ளைக் குழம்பு இருக்கும். புளிப்பா, ஜில்லுன்னு. ராத்திரி கனவுல கூட அதான் வருது."

சிரித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் மசக்கையில் கேட்பது மாங்காய், புளியங்காய், அதிகம் போனால் சாம்பல். இவள் சாலட் கேட்கிறாள். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு நிம்மதி. நிலாவைப் பிடித்துக் கொண்டா என்று கேட்கவில்லையே. வெள்ளையாக, புளிப்பாக, ஜில்லென்று சாலட்டில் ஊற்றுவது மயோனைஸ் இல்லாமல் வேறென்ன? நான் தினமும் செய்கிற சாமான்!

புவனா அந்த நாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்து, ஒரு மழைக்காலத்தில் திரும்பி வந்தாள். வந்து கொஞ்ச காலம் கழித்துத்தான் கல்யாணம். அங்கத்திய கதைகளை அவளாகச் சொல்லமாட்டாள். நாங்களும் கிண்டிக் கேட்டதில்லை. இந்த வெள்ளைக் குழம்புதான் அங்கிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் வந்த முதல் சங்கதி.

எண்ணெயும் வினிகரும் தரகரும்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பச்சைக் காய்கறி என்றால் அது மாட்டுக்கு. வெலிமடைப் பக்கமிருந்து கரட், லீக்ஸ், சலாது இலை என்று லொறி லொறியாக எங்கள் தலைக்கு மேலே, மலை ரோட்டில் போகும். நாங்கள் கரட்டையும் கறிதான் ஆக்குவோம். விடுதியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளைக்காரர் ஒரு தட்டு நிறைய இலையை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து, பாவம், சோறு வரும்வரை பசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவன் நான்.

பிறகுதான் அந்த இலைக்கு மேலே ஊற்றுகிற சங்கதிகள் என் கண்ணில் பட்டன. அதில்தான் நான் விழுந்தேன். எண்ணெயும் வினிகரும் இருக்கின்றனவே, அவை இரண்டும் ஜென்மப் பகை. ஒரு போத்தலில் போட்டு எவ்வளவு குலுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு மூலை. நடுவில் ஒரு முட்டை மஞ்சள் கருவைப் போட்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துப் பாருங்கள். கல்யாணத் தரகர் வந்து உட்கார்ந்த மாதிரி, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கரண்டியை எடுத்தால் மலைபோல நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அடுப்பில் இருந்த சூப்பை மறந்துவிட்டேன். எத்தனையோ தடவை செய்தாயிற்று. அந்த எண்ணெய் கெட்டிப்படுகிற நேரம் வந்தால் இன்றைக்கும் குனிந்து பார்ப்பேன்.

ஆகவே மறுநாளே விடுதியிலிருந்து ஒரு போத்தல் மயோனைஸ் அடித்துக் கொண்டுவந்து புவனாவின் முன்னால் வைத்தேன், ஏதோ சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தவன் மாதிரி.

மல்லிகா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"ஏங்க, இதுல முட்டைய எப்ப வேக வச்சீங்க?"

"வேக வைக்கிறதில்ல. பச்சையாத்தான்."

"பச்ச முட்டையா? வாயும் வயிறுமா இருக்குறவளுக்கா?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. அந்த வாரம் மிட்வைப் மிஸ் லயங்களைப் பார்க்க வந்தபோது நேரே போத்தலையே கொண்டுபோய் நீட்டிவிட்டாள். "பச்ச முட்டை இந்த நேரத்துல வேணவே வேணாம். வயித்துக்கு ஏதாவது வந்தா கஷ்டம்" என்று தீர்ப்பு வந்தது. அந்தப் போத்தலை நானும் என் இரண்டு பெண்களும் பேக்கரிப் பாணில் பூசித் தின்று தீர்த்தோம். மல்லிகா தொடவில்லை.

வேகவைத்த மயோனைஸ்

முட்டையை வேகவைத்து மயோனைஸ் செய்ய முடியுமா?

கேள்வி என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. கைபேசியில் தேடினேன். முடியுமாம். ஒரு அம்மாள் அழகாகச் செய்து காட்டுகிறார். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான், அதுவும் மேகம் இறங்காத நேரத்தில். தொட்டியடியில் குளிரில் நின்று பார்த்தேன். அந்த அம்மாள் மஞ்சள் கருவைக் கிண்ணத்தில் போட்டார், அடுப்பருகே கொண்டுபோனார், வாயைத் திறந்தார், படம் நின்றுவிட்டது. அன்று முழுவதும் அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

மீதியை நானே யோசித்தேன். அடுப்பருகே என்றால் அடுப்பில்தானே? சட்டியை அடுப்பில் வைத்து, மஞ்சள் கருவும் வினிகருமாக ஊற்றிக் கிண்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரிதிரியாகப் போய்விட்டது.

மல்லிகா எட்டிப் பார்த்து, "முட்டைப் பொடிமாஸ் நல்லா வந்திருக்கு. வெங்காயம் போடலியா?" என்றாள்.

"அடுப்புச் சூடு சரியில்ல" என்றேன்.

"ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

அடுத்த தடவை புத்தியோடு செய்தேன். முட்டைக்கு எரிகிற சூடு ஆகாது, ஆவிச் சூடுதான் ஆகும். ஒரு பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தண்ணீரில் அடி படாதபடி மேலே ஒரு கிண்ணம். கிண்ணத்தில் மஞ்சள் கரு, ஒரு கரண்டி கோதுமை மா, கொஞ்சம் கடுகுத்தூள், உப்பு, சீனி, வினிகர், தண்ணீர். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் ஆவியில் வைக்க வேண்டும். மா சேர்ந்தால் முட்டை திரியாது, இது பால் சோஸ் கிண்டிய அனுபவத்தில் எனக்குத் தெரியும். மரக்கரண்டியால் விடாமல் கிண்டினேன். முதலில் நுரைத்தது. பிறகு கரண்டி போன பாதையெல்லாம் தெரிந்தது. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சுகிற கூழ் மாதிரி 'பொளக், பொளக்' என்று மூச்சு விட்டது. இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் எண்ணெயை நூல்போல விட்டு அடித்தேன்.

வந்தது! மஞ்சள் சாயலோடு, பளபளவென்று, முட்டை வாசம் துளியும் இல்லாமல். பச்சை மயோனைஸைவிட கொஞ்சம் புளிப்புத் தூக்கல், கொஞ்சம் கனம் குறைவு. எனக்கு இதுதான் பிடித்திருந்தது என்று இப்போது தைரியமாகச் சொல்வேன்.

சலாது இலையை உப்புத் தண்ணீரில் அலசி, வெள்ளரி, தக்காளி அரிந்து, கடைசி நிமிஷத்தில் மேலே ஒரு கரண்டி வைத்து, இலை வாடுவதற்குள் தட்டைக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்தில் விருந்தோ, கோயில் சாப்பாடோ, முதல் இலை வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத்தான். ஆம்பிளைகள் காத்திருக்க வேண்டும். மல்லிகாவும் புதுத் தட்டு எடுத்து, முதல் தட்டைப் புவனாவுக்கு வைத்தாள்.

புவனா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். ஓடவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"நல்லாருக்கு அண்ணே." பிறகு மெல்ல, "ஆனா இது இல்ல" என்றாள்.

இது இல்ல

அந்த இரண்டு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

வெள்ளைப்பூண்டு அரைத்துச் சேர்த்தேன். கிட்ட வந்துவிட்டது, ஆனால் இது இல்ல. வினிகரை எடுத்துவிட்டு, எலுமிச்சைப் புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்தேன். இன்னும் கிட்ட, ஆனால் இது இல்ல. தயிரை வடிகட்டிப் புதினா போட்டு ஒன்று. எண்ணெயும் தேசிக்காயும் மட்டும் குலுக்கி ஒன்று. எள்ளை அரைத்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு புத்தம் புதிதாக, முதல் ஆளாகப் புவனாவுக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் தின்று மரியாதைக்காகச் சிரித்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள்.

"பாத்து செய்யுங்க" என்றாள் மல்லிகா. "ஆசப்பட்டது கிடைக்கல்லன்னா பொறக்குற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்பாங்க."

"அதெல்லாம் சும்மா."

"சும்மாவோ என்னமோ. அவ கைய பாத்தீங்களா? வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது."

பார்த்திருந்தேன். அதனால்தான் எரிந்து விழுந்தேன்.

பொலிஸ்காரன் மாதிரி விசாரணையில் இறங்கினேன். என்ன நிறம்? "வெள்ளைதான். ஆனா சுத்த வெள்ளை இல்ல. கொஞ்சம் ரோஸ் மாதிரி." கெட்டியா, தண்ணியா? "தண்ணியாத்தான் இருக்கும். ரொட்டியில ஊறும்." வேறென்ன கிடக்கும்? "பச்சையா துணுக்கு துணுக்கா. தக்காளி வெத கூட இருக்கும்."

ரோஸ் என்றதும் எனக்குக் கண் திறந்துவிட்டதாக எண்ணம். மயோனைஸில் தக்காளி சோஸ் கலந்தால் ரோஸ் நிறம் வரும், ஹோட்டல்களில் வழக்கமாகச் செய்வது. அதையும் செய்தேன். புவனா முகத்தைச் சுளித்தாள்.

"இது போத்தல் வாசம் அடிக்குதே."

கிளினிக் நாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. புவனா பையில் இரண்டு நைட்டியை மடித்து வைத்திருப்பதை மல்லிகா பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். பதுளைக்கு அவளே தயாராகிவிட்டாள்.

திரும்பி வந்த கிண்ணம்

அந்த வாரத்தில் ஒரு நாள் விடுதியில் ஒரு பெரிய குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வந்தது. பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறைய சாலட் கலந்து அனுப்பினேன். என் வேகவைத்த மயோனைஸையே தேசிக்காய் விட்டு இளக்கி, பூண்டும் புதினாவும் போட்டு ஊற்றியிருந்தேன். வீட்டில் தோற்ற சரக்கு, இங்கேயாவது விலை போகட்டும் என்று.

அவர்கள் மெதுவாகச் சாப்பிட்டார்கள். பேசினார்கள், மலையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி சாப்பிட்டார்கள். கிண்ணம் சமையலறைக்குத் திரும்பி வந்தபோது மேசையில் வைத்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். போனவன் திரும்பி வந்தேன்.

கிண்ணத்தின் அடியில் ஒரு குழம்பு தேங்கி நின்றது.

உப்பு பட்டு வெள்ளரி தண்ணீர் விட்டிருக்கிறது. தக்காளி தண்ணீர் விட்டிருக்கிறது. எல்லாம் மயோனைஸோடு இறங்கி அடியில் சேர்ந்திருக்கிறது. வெள்ளை, ஆனால் சுத்த வெள்ளை இல்லை, ரோஸ். புதினா துணுக்கு துணுக்காக மிதக்கிறது. நாலைந்து தக்காளி விதை.

அடுத்தவர் சாப்பிட்ட கிண்ணம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு துண்டு பாணைப் பிய்த்துத் தோய்த்து வாயில் போட்டேன். புளிப்பு, உப்பு, பூண்டு, வெள்ளரியின் குளிர்ச்சி. இத்தனை வருஷம் இதைத்தானா குழாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன்!

ருசி இறங்கிய பிறகுதான் யோசனை ஏறியது. புவனா இந்த ருசியை எப்படி அறிந்தாள்? இது தட்டில் வருகிற ருசி இல்லையே. எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகு கிண்ணத்தில் மிஞ்சுகிறது.

கையில் பாண் துண்டோடு அப்படியே நின்றேன். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி ஆடியது.

தட்டு ஏது அண்ணே?

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் கோணலாகத்தான் கேட்டேன்.

"புள்ள, அந்த சலாத நீ எந்தத் தட்டுல போட்டுச் சாப்பிடுவ?"

"தட்டா?" புவனா சிரித்தாள். "தட்டு ஏது அண்ணே? அவங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்சி கிண்ணம் உள்ளுக்கு வரும். கழுவ முந்தி ரொட்டியால தொடச்சி தொடச்சி திம்பேன். நின்னுக்கிட்டேதான். அடுத்த வேலைக்கு மணி அடிச்சிருவாங்கல்ல."

மல்லிகா கையில் இருந்த சுளகை வைத்துவிட்டாள்.

"அந்தம்மா கெட்டவங்க இல்ல அண்ணி" என்றாள் புவனா அவசரமாக. "சோறெல்லாம் குடுப்பாங்க. ஆனா சோறு ஆறிப் போயிருக்கும். அந்தக் குழம்பு மட்டுந்தான் ஆறுனாலும் ருசியா இருக்கும். நாள் முழுக்க அதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்."

அவள் அதை அழுகையோடு சொல்லவில்லை. ஏதோ திருட்டு மாங்காய் தின்ற கதையைச் சொல்வது போலக் கண்ணில் சிரிப்போடு சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். என் தங்கச்சி ஒரு வீட்டில் இத்தனை காலம் கடைசி ஆளாக நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறாள். நாங்களோ அவளை முதல் ஆளாக உட்கார வைத்து, மரியாதையாகப் புதுத் தட்டில் வைத்து வைத்து, அவள் தேடிய ருசி அவளிடம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டோம்.

எச்சில் இல்லாத மிச்சம்

ருசி தெரிந்துவிட்டது. கொடுப்பது எப்படி?

"நாம தின்ன கிண்ணத்த அவகிட்ட குடுக்குறதா?" மல்லிகா என்னை முறைத்தாள். "வாயும் வயிறுமா இருக்குறவளுக்கு எச்சில் குடுத்தா நம்ம வீடு வெளங்குமா? அங்கதான் அப்படின்னா இங்கயும் அப்படியா?"

அவள் சொன்னது நியாயம். புவனாவுக்கு வேண்டியதும் நியாயம். எண்ணெயும் வினிகரும்போல இரண்டு நியாயங்கள் எங்கள் அடுப்படியில் ஆளுக்கொரு மூலையில் நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை. வேகவைத்த மயோனைஸைக் கிண்டி எடுத்து ஆறவைத்தேன். பூண்டு, தேசிக்காய், புதினா. வெள்ளரியும் தக்காளியும் சலாது இலையும் கழுவி அரிந்து பெரிய கிண்ணத்தில் போட்டு, உப்பைத் தாராளமாகத் தூவி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசறிவிட்டு மூடினேன். எந்தச் சமையற்காரனும் செய்யக்கூடாத காரியம் அது. இலை வாடும், காய் துவளும். வாடட்டும் என்று விட்டுவிட்டேன். மல்லிகா ரொட்டி சுட்டாள். பெண்கள் இருவரும் மூடியைத் திறந்து திறந்து பார்த்து, "அப்பா, தண்ணி ஊறுது" என்று சேதி சொன்னார்கள்.

பிறகு சுத்தமான கரண்டியால் காய்களை அள்ளி அள்ளி எங்கள் தட்டுகளில் வைத்தேன். கிண்ணத்தில் குழம்பு மட்டும் மிஞ்சியது. ரோஸ் நிறம், புதினா, தக்காளி விதை. கிண்ணத்தைப் புவனாவின் மடிக்கு முன்னால் வைத்தேன்.

"யாரும் வாய் வைக்கக் கூடாது" என்றாள் மல்லிகா. "மொதல்ல அவ."

நாங்கள் நாலு பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். புவனா ரொட்டியைக் கிள்ளினாள். கிண்ணத்தின் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்து எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

அடுத்த துண்டைக் கிள்ளினாள். அதற்கடுத்தது. ரொட்டி முடிந்ததும் மல்லிகா தன் ரொட்டியை நீட்டினாள். அதுவும் போனது.

"இதான் அண்ணே" என்றாள் வாயில் ரொட்டியோடு. அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "இதான். ஆனா அதவிட நல்லாருக்கு."

"அதவிடவா? எதனால? பூண்டு கூடவா?" என்றேன். சமையற்காரன் புத்தி.

"ஒக்காந்து சாப்பிடுறேன்ல."

கிண்ணம் காலியானதும் பழக்கத்தில் அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கால் தானாகக் குழாய்ப் பக்கம் போனது. மல்லிகா எழுந்து கையைப் பிடித்து, "வை அங்க. ஒக்காரு" என்று அதட்டினாள். புவனா உட்கார்ந்தாள். கிண்ணத்தை நான் கழுவினேன். கழுவ அதில் ஒன்றும் இல்லை.

மறுபடி தராசு

அதன்பிறகு தினமும் அதுதான். குழம்போடு ரொட்டி போனது, ரொட்டியோடு பருப்பு போனது, கொஞ்ச நாளில் சோறும் போனது. வாயைத் திறந்துவிட்டது அந்தக் கிண்ணம். மீதியை மல்லிகாவின் கை பார்த்துக்கொண்டது.

கிளினிக் நாளன்று மடித்து வைத்த நைட்டிகளோடு அந்தப் பையையும் கொண்டுபோனோம். எதற்கும் இருக்கட்டும் என்றாள் புவனா. தராசுக்கு முன்னால் போய் நின்றதும், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள். ஏறினாள்.

முள் ஆடியது. போன மாதத்து இடத்தில் நிற்காமல் அதைத் தாண்டிப் போனது. போய் நின்றது.

மிட்வைப் மிஸ் சந்தேகத்தோடு அவள் காலைக் குனிந்து பார்த்தார். வெறுங்கால்தான்.

"பரவாயில்லியே! பதுளை வேணாம். அப்படி என்னாதான் சாப்பிட்டீங்க?"

நான் சொல்ல வாயெடுத்தேன். ஆவியில் வேகவைத்த மயோனைஸ், மா எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று ஒரு பெரிய விளக்கமே என் நாக்கு நுனியில் இருந்தது. மிச்சக் குழம்பு என்ற சொல் மட்டும் வந்துவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் பயம்.

அதற்குள் புவனா தராசிலிருந்து இறங்கிவிட்டாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கிளினிக்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கண்ணன் வீட்டு சலாது மிஸ். எனக்குன்னே செஞ்சது."